கவாத்து வெட்டிய தேயிலை எதைக் கொண்டு துளிர்க்கிறது?

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகிற வழியில், எல்லாத் தோட்டமும் பச்சையாக இருக்க, நடுவில் ஒரு சரிவு மட்டும் வெறும் குச்சியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுலா வந்தவர்கள் செடி பட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பட்டுப்போகவில்லை, கவாத்து வெட்டியிருக்கிறார்கள். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை இப்படி வெட்டாவிட்டால் தேயிலை அதன் இயல்புப்படி மரமாக ஓங்கிவிடும். கிள்ளக் கை எட்டாது, கொழுந்தும் குறைந்துபோகும்.

வெட்டியபின் செடியில் இலை என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. செடிக்கு உணவு தயாரிப்பது இலைதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த இலை அத்தனையும் இப்போது தரையில் கிடக்கிறது. ஆனாலும் சில வாரங்களில் குச்சிகளில் துளிர் வெடிக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் செடி மறுபடி பச்சைகட்டிவிடுகிறது. இவ்வளவு வளர்வதற்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது?

வேரிலிருந்து வந்தது. கவாத்துக்கு முன்பே செடி தன் வேரில் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருந்தது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பென்சில் பருமனுள்ள வேர் ஒன்றை எடுத்துக் குறுக்கே நறுக்கி, வெட்டிய இடத்தில் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டால், மாவுச்சத்து இருக்கும் பகுதி கருநீலமாகிவிடும். கவாத்துக்கு முன் செய்யச் சொல்லி தேயிலை ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கும் சோதனைதான் இது. நிறம் நன்றாக ஏறினால் தைரியமாக வெட்டலாம். வெளிறியே இருந்தால் சில வாரம் கொழுந்து எடுக்காமல் செடியை ஓய்வாக விட்டு, வேர் நிரம்பியபின் வெட்ட வேண்டும். இருப்பு இல்லாத செடியை வெட்டினால் கிளைகள் காய்ந்துபோகும், சில செடிகள் செத்தே போகும். சில தோட்டங்களில் ஓரத்தில் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவைத்து வெட்டுவதும் இதற்காகத்தான். துளிர் வரும்வரை அந்தக் கொஞ்சம் இலையாவது செடியைத் தாங்கட்டும் என்று.

உயிருள்ள எதுவானாலும் ஆற்றலைப் பிடிக்க வேண்டும், வைத்திருக்க வேண்டும், செலவழிக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் நடப்பதில்லை, ஒரே நேரத்தில் நடப்பதில்லை, ஒரே பொருளைக் கொண்டும் நடப்பதில்லை. உயிரியல் பாடத்தில் நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். வெயில் உணவாகிறது, உணவு சக்தியாகிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு மூச்சுக்குள் எத்தனையோ நடந்துவிடுகிறது.

இலை பிடிக்கும் வெயில்

தேயிலை இலையை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பசுங்கணிகம் என்னும் சின்னஞ்சிறு உறுப்புகள் பல இருக்கின்றன. அவற்றுக்குள் அடுக்கடுக்காகச் சவ்வுகள். அந்தச் சவ்வுகளில் பச்சையம் பதிந்திருக்கிறது. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசிய அணு உண்டு. மெக்னீசியம் போதாத செடியின் இலை நரம்புகளுக்கு நடுவே மஞ்சளிப்பதற்குக் காரணம் இதுதான்.

வெயில் பச்சையத்தின் மேல் விழுந்ததும் அதிலுள்ள ஓர் எலக்ட்ரான் கூடுதல் ஆற்றல் பெறுகிறது. அப்படியே விட்டால் அது நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் பழைய நிலைக்கு விழுந்து, பெற்ற ஆற்றலை வெப்பமாகவோ மங்கிய ஒளியாகவோ இழந்துவிடும். இலையின் சாமர்த்தியம், விழுவதற்குள் அந்த எலக்ட்ரானைப் பக்கத்து மூலக்கூறுக்குக் கைமாற்றிவிடுவதில் இருக்கிறது. அங்கிருந்து இன்னொன்றுக்கு, அப்புறம் இன்னொன்றுக்கு. இப்படிக் கைமாறிப் போகிற வழியில்தான் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறக்கப்படுகிறது.

எலக்ட்ரானைப் பறிகொடுத்த பச்சையம் அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். அதற்கு அது தண்ணீரை உடைக்கிறது. தண்ணீர் உடையும்போது மிஞ்சுவது ஆக்சிஜன், அது இலைத்துளை வழியே வெளியே போய்விடுகிறது. இலை வெளிவிடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது தண்ணீரிலிருந்தே வருகிறது என்பதை 1941இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் எடை கூடிய ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டு காட்டினார்கள்.

இதுவரை வெயில் இருந்தால்தான் நடக்கும். இதில் கிடைப்பது இரண்டு பொருள்கள்: ஏடிபி ஒன்று, என்ஏடிபிஎச் இன்னொன்று. ஏடிபி பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. என்ஏடிபிஎச் ஆற்றல் மிக்க எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் மூலக்கூறு என்று மட்டும் இப்போதைக்குத் தெரிந்தால் போதும். இரண்டுமே நெடுநேரம் வைத்திருக்கத் தோதான பொருள்கள் அல்ல. எனவே இலை உடனடியாக அடுத்த வேலையில் இறங்குகிறது. காற்றிலிருந்து உள்ளே வந்த கரியமில வாயுவை, இந்த இரண்டின் உதவியோடு சர்க்கரையாகக் கட்டுகிறது. இந்தக் கட்டுமானம் எந்தெந்தப் படி வழியாக நடக்கிறது என்பதைக் கதிரியக்கக் கார்பனைப் பாசிக்குக் கொடுத்துக் கண்டுபிடித்தவர் மெல்வின் கால்வின், தன் சக ஆய்வாளர்களோடு. அதற்காக 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

கரியமில வாயுவை முதலில் பிடிக்கும் நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். பூமியில் மிக அதிக அளவில் இருக்கும் புரதம் இதுதான் என்பார்கள். ஆனால் இது படு மந்தம். பல நொதிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வேலையை முடிக்கும்போது, ரூபிஸ்கோ நொடிக்கு மூன்று நான்கு மூலக்கூறைத்தான் பிடிக்கும். போதாக்குறைக்கு, கரியமில வாயு என்று நினைத்து அவ்வப்போது ஆக்சிஜனைப் பிடித்துத் தொலைக்கும். இலையில் இந்தப் புரதம் இவ்வளவு குவிந்திருப்பதற்கு இந்த மந்தமே காரணம். வேகத்தில் குறைவதை எண்ணிக்கையில் ஈடுகட்டுகிறது செடி.

ஆக, இலையில் விழும் வெயில் முழுவதும் சர்க்கரையாகிவிடுவதில்லை. பெரும்பாலான பயிர்களில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் செடியின் உடம்பில் தங்குகிறது. குறைவாகத் தெரியலாம். ஆனால் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் அத்தனை கட்டையும் இந்தச் சிறு பங்கில் வளர்ந்ததுதான். கட்டையின் எடையில் பெரும்பகுதி மண்ணிலிருந்து வந்ததல்ல, காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தது. மண் கொடுத்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் விறகை எரித்தபின் மிஞ்சும் சாம்பலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏன் மாவாக வைக்கிறது?

பகலில் செய்த சர்க்கரை அத்தனையையும் இலை உடனே அனுப்பிவிட முடியாது. ஒரு பகுதியைப் பசுங்கணிகத்துக்குள்ளேயே மாவுச்சத்து மணிகளாக வைத்துக்கொண்டு, இரவில் அவற்றைக் கரைத்துச் சர்க்கரையாக்கி மற்ற பாகங்களுக்கு அனுப்புகிறது. வேருக்குப் போய்ச் சேர்ந்த சர்க்கரை அங்கே மறுபடி மாவுச்சத்தாகிறது.

சர்க்கரையாகவே வைத்துக்கொண்டால் என்ன? சர்க்கரை தண்ணீரில் கரையும். செல்லுக்குள் கரைந்த பொருள் அதிகமானால் அது வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், செல் வீங்கும். ஆயிரக்கணக்கான குளுக்கோஸைக் கோத்து ஒரே மாவுச்சத்து மூலக்கூறாக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கரையாமல் மணியாக ஓரத்தில் கிடக்கும்.

உருளைக்கிழங்கு இதற்கு நல்ல உதாரணம். ஊட்டி கிழங்கு என்று மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து ஊர் ஊராகப் போகிறதே, அதன் சதை முழுக்க இப்படிப்பட்ட மணிகள்தான். செடி அடுத்த தலைமுறைக்காக மண்ணுக்குள் வைத்த சேமிப்பை நாம் தோண்டி எடுத்துப் பொரியல் செய்கிறோம். இருட்டு மூலையில் கிடக்கும் கிழங்கு வெயிலே படாமல் முளைவிடுவதும் இந்தச் சேமிப்பைக் கரைத்துத்தான். கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்ச நாளில் லேசாக இனிக்கும். குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுவதால் வரும் இனிப்பு அது. அந்தக் கிழங்கில் சிப்ஸ் போட்டால் சீக்கிரம் கருத்துப்போகும். சிப்ஸ் கடைக்காரர்கள் குளிரில் வைத்த கிழங்கை விரும்பாததற்குக் காரணம் இந்தச் சர்க்கரைதான்.

நம் உடம்பிலும் இதே ஏற்பாடு உண்டு, பெயர் கிளைகோஜன். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் இருக்கும். மொத்தம் 2,000 கிலோ கலோரி, ஏறக்குறைய ஒரு நாள் செலவு. அதற்கு மேல் வைக்க வேண்டியதைக் கொழுப்பாக வைக்கிறோம். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கிலோ கலோரி என்றால் ஒரு கிராம் கொழுப்பில் 9. அது மட்டுமல்ல, கிளைகோஜன் தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் கூடவே இழுத்து வைத்துக்கொள்ளும். கொழுப்புக்கு அந்தச் சுமை கிடையாது. பத்து கிலோ கொழுப்பில் உள்ள ஆற்றலைக் கிளைகோஜனாகச் சுமப்பதென்றால் தண்ணீரோடு சேர்த்துத் தொண்ணூறு கிலோ சுமக்க வேண்டியிருக்கும். செடிக்கு இந்தக் கவலை இல்லை, அது எங்கும் நடப்பதில்லை. ஆனால் காற்றில் பறந்து போக வேண்டிய விதை, எடை கூடாமல் ஆற்றலை அடைக்க வேண்டிய விதை என்று வரும்போது நிறையச் செடிகளும் எண்ணெயைத் தேர்ந்துகொள்கின்றன.

ஏடிபி: ஒரு சென்னை மாணவரின் பங்கு

மாவுச்சத்தும் கொழுப்பும் இருப்பு மட்டுமே. அவற்றைக் கொண்டு செல் எந்த வேலையையும் நேரடியாகச் செய்துகொள்ள முடியாது. தசை சுருங்கவோ, நரம்பில் செய்தி ஓடவோ, துளிரில் புதுப் புரதம் கட்டவோ செல் கையில் எடுப்பது பெரும்பாலும் ஏடிபியைத்தான். முழுப்பெயர் அடினோசின் டிரைபாஸ்பேட். பாக்டீரியாவானாலும் காட்டெருமையானாலும் இதுவேதான். இவ்வளவு வித்தியாசமான உயிர்கள் ஒரே மூலக்கூறைப் பயன்படுத்துவது, எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்பதற்கு ஒரு நல்ல சாட்சி.

1929இல் இதை ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். சுப்பாராவ் 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1927இல், தசையில் இருக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற இன்னொரு பொருளையும் ஃபிஸ்கேயும் அவரும் அடையாளம் கண்டிருந்தார்கள். நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் இவர் பெயர் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கலாம் என்பது என் கட்சி.

ஏடிபியின் வால்பகுதியில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றும் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளுகின்றன. கடைசிப் பாஸ்பேட்டைத் தண்ணீரைக் கொண்டு பிரித்தால் ஏடிபி, இரண்டு பாஸ்பேட் மட்டும் கொண்ட வடிவமாக, அதாவது அடினோசின் டைபாஸ்பேட்டாக மாறும். அப்போது ஆற்றல் வெளிப்படும். பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வரும் என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம், ஆனால் அது சரியல்ல. எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவாகத்தான் செய்யும். இங்கே பிரிந்தபின் உருவாகும் பொருள்கள் முன்பிருந்ததைவிட நிலையானவை. அந்த வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கிறது. கூடவே, செல் எப்போதும் ஏடிபியை மிகுதியாகவும் டைபாஸ்பேட்டைக் குறைவாகவும் வைத்துக்கொள்கிறது. அந்த ஏற்றத்தாழ்வு இல்லாவிட்டால் ஏடிபியால் ஒரு பயனும் இல்லை.

ஏடிபியைச் சேர்த்து வைக்க முடியாது. தசையில் உள்ள ஏடிபி முழுமூச்சான ஓட்டத்தில் சில நொடிக்குத்தான் வரும். ஆனால் உடம்பு ஒரு நாளில் தன் எடையைப் போன்ற அளவு ஏடிபியைச் செலவழிக்கிறது. எப்படி? செலவான மூலக்கூறுக்கு மறுபடி பாஸ்பேட் ஒட்டி, ஒரே மூலக்கூறை நாளில் நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. அந்த ஒட்டும் வேலை நடக்கும் விதம்தான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

மலையிலிருந்து இறங்கும் தண்ணீர்

சாப்பிட்ட குளுக்கோஸ் முதலில் செல்லின் திரவப் பகுதியிலேயே இரண்டாக உடைகிறது. இதில் இரண்டு ஏடிபி லாபம். ஆக்சிஜன் தேவையில்லை. உடைந்த துண்டுகள் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் சிற்றுறுப்புகளுக்குள் போய், ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் விளக்கிய சுழற்சியில் முழுவதும் பிரிக்கப்பட்டு, கரியமில வாயுவாக வெளியேறுகின்றன. நீங்கள் இப்போது விடும் மூச்சில் இருக்கும் கார்பன், சாப்பாட்டில் இருந்த கார்பன்தான். எடை குறைகிறவர்களின் கொழுப்பும் பெரும்பாலும் இப்படி மூச்சுவழிதான் போகிறது.

பிரிக்கும்போது எடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் உள்சவ்வில் இருக்கும் புரதங்கள் வழியே கைமாறிச் சென்று, கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்ந்து தண்ணீராகின்றன. நாம் மூச்சு இழுப்பதே இந்தக் கடைசிப் படிக்காகத்தான். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் இல்லாவிட்டால் வரிசை முழுவதும் அப்படியே நின்றுவிடும்.

சரி, எலக்ட்ரான் கைமாறினால் ஏடிபி எப்படி உண்டாகும்? இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உயிர்வேதியியலாளர்கள் இதைத் தெரிந்துகொள்ளத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று தேடித் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. 1961இல் இங்கிலாந்தின் பீட்டர் மிட்செல், அப்படி ஒரு பொருளே கிடையாது என்றார். பல ஆண்டுகள் யாரும் நம்பவில்லை. 1978இல் நோபல் பரிசு அவருக்குத்தான் வந்தது.

அவர் சொன்னதை நீலகிரிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். இந்த மலையில் 1930களின் தொடக்கத்திலிருந்தே தண்ணீரை உயரத்தில் தேக்கி, குழாய் வழியே கீழே இறக்கி, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். கிளன்மார்கனிலிருந்து சிங்காராவுக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உயரத்தில் தேங்கிய தண்ணீருக்கு இறங்க ஒரு வழிதான் உண்டு, அந்த வழியில் டர்பைன் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் தண்ணீருக்குப் பதில் புரோட்டான்கள், அதாவது எலக்ட்ரான் இழந்த ஹைட்ரஜன் அணுக்கள். எலக்ட்ரான்கள் கைமாறும்போது விடும் ஆற்றலைக் கொண்டு சவ்வின் புரதங்கள் புரோட்டான்களை உள்ளிருந்து வெளிப்புறத்துக்கு ஏற்றுகின்றன. அங்கே அவை தேங்குகின்றன. திரும்ப உள்ளே வருவதற்கு ஒரே பெரிய வழி ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம். புரோட்டான்கள் அதற்குள் புகுந்து வரும்போது அது சுழல்கிறது, சுழற்சியில் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது.

இங்கே சுழல்கிறது என்று சொல்வது பேச்சுக்காக அல்ல. அந்தப் புரதத்தின் அச்சு உண்மையிலேயே சுழல்கிறது, நொடிக்கு நூறு முறைக்கு மேல். ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. 1997இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அச்சின் நுனியில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தார்கள். அதே ஆண்டு இந்தப் புரதத்தின் இயக்கத்தை விளக்கியதற்காக பால் பாயரும் ஜான் வாக்கரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

தேங்கிய புரோட்டான்களால் சவ்வின் இரு பக்கமும் உண்டாகும் மின்னழுத்த வேறுபாடு ஒரு வோல்ட்டில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். அற்பமாகத் தெரியும். ஆனால் சவ்வின் தடிமன் மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அந்த மெல்லிய இடைவெளிக்கு இந்த அழுத்தத்தைக் கணக்குப் போட்டால் மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட் வருகிறது. மின்னல் வெட்டும் மேகத்தில்கூட இவ்வளவு வராது.

பசுங்கணிகத்திலும் இதே ஏற்பாடுதான். அங்கே புரோட்டான்களை ஏற்றும் ஆற்றல் வெயிலிலிருந்து வருகிறது, மைட்டோகாண்ட்ரியாவில் சாப்பாட்டிலிருந்து வருகிறது. சுழலும் புரதம் கிட்டத்தட்ட ஒன்றேதான். இரண்டு உறுப்புகளுமே மிகப் பழங்காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள், பெரிய செல்லுக்குள் குடியேறிவிட்டவை. இதையும் முதலில் யாரும் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை.

அணையில் மதகைத் திறந்து, தண்ணீரை டர்பைனுக்குக் காட்டாமல் விட்டால் மின்சாரம் வராது. உடம்பு சில இடங்களில் இதை வேண்டுமென்றே செய்கிறது. பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. அதன் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்பு நிறக் கொழுப்பு இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா நிறைந்திருப்பதால்தான் அந்தப் பழுப்பு. அவற்றின் சவ்வில் தனி மதகு போல ஒரு புரதம் உண்டு. புரோட்டான்கள் அதன் வழியே சும்மா இறங்கிவிடும், ஏடிபி உண்டாகாது, ஆற்றல் முழுவதும் சூடாக வெளிவரும். மார்கழிக் குளிரில் ஊட்டியில் பிறக்கும் குழந்தைக்குக் கம்பளி வெளியிலிருந்து கொடுக்கும் பாதுகாப்போடு, உள்ளிருந்து இந்தச் சூடும் சேர்ந்துகொள்கிறது.

மேடேறும்போது, மாவு புளிக்கும்போது

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தொட்டபெட்டா 2,637 மீட்டர். 60 கிலோ எடையுள்ளவர் இந்த 400 மீட்டரை நடந்து ஏறினால், உடம்பை உயர்த்துவதற்கு மட்டும் சுமார் 56 கிலோ கலோரி வேண்டும். ஆனால் உடம்பு அதற்குச் செலவழிப்பது 225 முதல் 280 வரை. அதாவது 60, 70 கிராம் மாவுச்சத்து. நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் ஏற்றத்துக்குப் போகிறது, மீதி அத்தனையும் சூடு. கீழே போட்டுக்கொண்ட ஸ்வெட்டரைப் பாதிவழியில் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வது இதனால்தான்.

ஏறத் தொடங்கிய முதல் சில நொடிக்குத் தசையில் இருக்கும் ஏடிபி போதும். அடுத்த பத்து நொடிவாக்கில் சுப்பாராவ் கண்ட பாஸ்போகிரியாட்டின் கைகொடுக்கும். அதன்பின் மூச்சு ஈடுகொடுக்க வேண்டும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. சமவெளியிலிருந்து வந்தவுடன் வேகமாக ஏறுகிறவர்களுக்கு மேல்மூச்சு வாங்குகிறது. ஆக்சிஜன் போதாத நேரத்தில் தசை குளுக்கோஸை இரண்டாக உடைக்கும் முதல் படியை மட்டும் வேகவேகமாக ஓட்டி, லாக்டிக் அமிலமாக முடித்துக்கொள்ளும். முழுச்சுவாசத்தில் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி கிடைக்கும் இடத்தில் இதில் இரண்டுதான். நம் சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, அவை வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டை வைத்தே ஓட்டுகின்றன.

இட்லி மாவில் இருக்கும் பாக்டீரியாக்களும் இந்த வகையில் பிழைப்பவைதான். கிடைப்பது சொற்பம் என்பதால் நிறையச் சர்க்கரையை உடைத்தாக வேண்டும். அதனால்தான் ஒரே இரவில் அவ்வளவு அமிலமும் வாயுவும் உண்டாகி மாவு பொங்குகிறது. நொதிகளின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய பாதியாகும். கோயம்புத்தூரில் காலையில் பாத்திரத்தை விட்டு வழியும் மாவு ஊட்டியில் ஜனவரியில் அரைத்தபடியே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் உளுந்தும் அல்ல, அரைத்தவர் கையும் அல்ல. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கம்பளியைச் சுற்றிப் பார்க்கலாம்.

கிள்ளிய கொழுந்துக்கும் உயிர் உண்டு. மூட்டையில் அடைத்தபின்னும் அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், சர்க்கரையை எரித்துச் சூடு விட்டுக்கொண்டே இருக்கும். இறுக்கி அமுக்கிய மூட்டைக்குள் கை விட்டால் சூடு தெரியும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் இலை சிவந்து கெட்டுப்போய் ஃபேக்டரியில் விலை குறையும். தளர்வாக அடைத்து, நிழலில் வைத்து, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்வது இதற்காக.

பனி கருக்கும்போது

குளிர்காலத்தில் தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரித் தாழ்வான இடங்களில் உறைபனி விழுகிறது. தேயிலை கருகுகிறது. இலைக்குள் நீர் உறைந்து செல்கள் சேதமாவது ஒரு காரணம். இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பச்சையம் ஒளியைப் பிடிக்கும் வேலை குளிரால் ஏறக்குறைய பாதிக்கப்படுவதே இல்லை. ஆனால் சர்க்கரை கட்டும் நொதிகள் குளிரில் சுணங்கிவிடும். பனி விழுந்த இரவுக்குப் பின்வரும் காலை பெரும்பாலும் மேகமில்லாத காலை, வெயில் பளீரென்று அடிக்கும். பிடிக்கும் வேலை முழுவேகத்தில், செலவழிக்கும் வேலை முடங்கிப்போய். போக்கிடம் இல்லாத ஆற்றல் ஆக்சிஜனோடு சேர்ந்து தீங்கான மூலக்கூறுகளை உண்டாக்கி, ஒளியைப் பிடிக்கும் சவ்வையே அரிக்கிறது.

இலைக்குத் தற்காப்பு இல்லாமல் இல்லை. மிகையான ஆற்றலைச் சூடாக மாற்றி வெளியே தள்ளும் மஞ்சள் நிறமிகள் அதனிடம் இருக்கின்றன. சோலை மரங்களின் இளந்தளிர் சிவப்பாக இருப்பதற்கும், ஒளியைப் பயன்படுத்த இன்னும் முழுதாகத் தயாராகாத இலையை அந்தச் சிவப்பு நிறமி மறைத்துக்காக்கிறது என்பது ஒரு விளக்கம். தேயிலை நாற்றங்கால்களின் மேல் செடிகொடிகளையோ நிழல்வலையையோ போட்டு மூடுவதில் இரண்டு பலன் உண்டு. இரவில் மண்ணின் சூடு முழுவதும் வானத்துக்குப் போய்விடாது. விடிந்தபின் நாற்று விறைப்பு தணிந்து, நொதிகள் வேகம் பிடிக்கும்வரை நேர் வெயில் அதன்மேல் விழாது. மூடியதை விடிந்ததுமே அவசரமாக எடுத்துவிட்டால் முதல் பலன் மட்டும்தான் கிடைக்கும்.